பகை அறியும் அணுக்கள்

கள்ளக்குறிச்சி நகரினின்று மேற்கு நோக்கினால், வானத்தின் விளிம்பில் நீலநிறத்தில் நீண்டு கிடக்கும் மலைத்தொடர் ஒன்று கண்ணுக்குப் புலனாகும். அதுவே கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த அம்மலையில் பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என இரு பகுதிகள் உள்ளன. அங்குத் தோன்றும் கோமுகி ஆறு கச்சிராயபாளையத்திற்கு அருகே அணையில் தேங்கி, பின்னர்ச் சமவெளியின் நெல்லையும் கரும்பையும் வளர்க்கிறது. மலையின்மேல் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர். சாமை, தினை, மரவள்ளி முதலியன அவர்தம் விளைபொருள்கள். அவர்களுடைய ஊர்கள் பல, சிறியனவாய் மலைமீது சிதறிக் கிடக்கின்றன.

அத்தகைய மலையூர் ஒன்றில், எட்டுத் திங்கள் நிரம்பிய குழந்தை ஒன்றுக்கு ஒருநாள் இரவு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தோன்றின என்று வைத்துக்கொள்வோம். பொழுது விடிவதற்குள் குழந்தை துவண்டு விடுகிறது. கண்கள் குழிகின்றன, நா வறள்கிறது, அழுதாலும் கண்ணீர் வருவதில்லை. உடலில் உள்ள நீரும் உப்பும் வெளியேறிவிட்டமையே இதற்குக் காரணம். தாய் அக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மலைப்பாதையில் மருத்துவமனையை நாடி விரைகிறாள். சமவெளியில் வாழ்வோருக்குச் சிறிய தொலைவாகத் தோன்றுவது, நீர் வற்றிய குழந்தையைச் சுமந்து செல்லும் தாய்க்கு மிகப் பெரிய தொலைவாகும். ஆதலின், நோய் வந்தபின் மருந்தைத் தேடி ஓடுவதினும், வருமுன்னரே குழந்தையின் உடல் அதனை எதிர்க்கக் கற்றிருத்தல் சிறந்ததன்றோ? உடல் அவ்வாறு கற்பது எங்ஙனம் என்பதையே இப்பாடத்தில் காணப்போகிறோம்.

குழந்தைகளுக்கு வரும் கடும் வயிற்றுப்போக்குக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முதன்மையானது ரோட்டா வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமி. 1973-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும், வயிற்றுப்போக்குற்ற குழந்தைகளின் சிறுகுடல் திசுவை மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்து அதனைக் கண்டறிந்தனர். நுண்ணோக்கியில் அது வண்டிச் சக்கரம்போல் தோன்றியது. இலத்தீன் மொழியில் 'ரோட்டா' என்பது சக்கரத்தைக் குறிக்கும் சொல். அதுவே அதற்குப் பெயராயிற்று. செல்வர் வீடு, ஏழை வீடு என்னும் வேறுபாடு இதற்கு இல்லை. உலகில் பிறக்கும் குழந்தைகளுள் ஏறக்குறைய எல்லோரும் ஐந்து வயதிற்குள் ஒருமுறையேனும் இதனைச் சந்திக்கின்றனர். ஆனால், இதனால் உயிரிழப்போர் பெரும்பாலும் மருத்துவ உதவி எட்டாத இடங்களில் வாழும் ஏழைக் குழந்தைகளே. தடுப்பு மருந்து பரவுவதற்கு முன், இந்தியாவில் ஆண்டுதோறும் ஐந்து வயதிற்குட்பட்ட ஏறத்தாழ 78,000 குழந்தைகள் இந்நோயால் இறந்தனர் என்று 2014-இல் வெளியான கணக்கீடு ஒன்று கூறுகிறது.

இக்கிருமியின் அளவு என்ன தெரியுமா? ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே. இத்துணைச் சிறிய பொருளும் மூன்று உறைகளை அணிந்துள்ளது. உறைகள் யாவும் புரதத்தால் ஆனவை. வெளியுறை வி.பி.7 என்னும் புரதம். அதனை ஊடுருவி அறுபது முட்கள் நீண்டுள்ளன. அம்முட்கள் வி.பி.4 என்னும் புரதத்தால் ஆனவை. நடுவுறை வி.பி.6 எனப்படும். இவற்றிற்கெல்லாம் உள்ளே, தன்னைப் போன்ற வேறு வைரஸ்களை ஆக்குவதற்கு வேண்டிய செய்தி பதினொரு துண்டுகளாக அடங்கியுள்ளது. வைரஸ் தானே உண்பதில்லை, தானே வளர்வதில்லை. சிறுகுடலின் உட்புறத்தை மூடியுள்ள உயிரணுக்களில் தன் முட்களால் பற்றி உட்புகுந்து, அவற்றின் ஆற்றலைக் கொண்டே தன் இனத்தைப் பெருக்குகிறது. தாக்குண்ட உயிரணுக்கள் அழிகின்றன. குடல் நீரை உறிஞ்சும் திறனை இழக்கிறது. அதனால் வயிற்றுப்போக்கு உண்டாகிறது.

இப்பகையை உடல் எங்ஙனம் கண்டறிகிறது? நம் குருதியில் உள்ள வெள்ளணுக்களுக்குக் கண் இல்லை, காது இல்லை. நாள்தோறும் உணவோடு எண்ணற்ற அயற்பொருள்கள் குடலினுள் வருகின்றன. அவற்றுள் சோறு எது, நோய் எது என்று பிரித்தறிய வேண்டும். தன் உடலைத் தானே தாக்காமலும் இருக்க வேண்டும். இத்துணைக் கடினமான பணியை அவை ஒரே ஒரு வழியால் செய்கின்றன. அது வடிவத்தை அறிதல் ஆகும். ஒவ்வொரு புரதமும் அமினோ அமிலங்கள் என்னும் சிறு பொருள்கள் மாலைபோல் கோக்கப்பட்டு உண்டானது. அம்மாலை தனக்கே உரிய முறையில் மடிந்தும் சுருண்டும் ஓர் உருவத்தைப் பெறுகிறது. மேடும் பள்ளமும் நிறைந்த அவ்வுருவமே அப்புரதத்தின் அடையாளம்.

வெள்ளணுக்களுள் பி அணுக்கள் என்னும் ஒருவகை உண்டு. ஒவ்வொரு பி அணுவின் மேற்புறத்திலும் ஒரே வடிவுடைய ஏற்பிகள் பல உள்ளன. கரும்பு விளையும் ஊர்களில் அச்சுவெல்லம் வார்ப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். மரப்பலகையில் குடைந்த குழி எவ்வடிவோ, வெல்லமும் அவ்வடிவே. வேறோர் அச்சில் வார்த்த வெல்லத்தை அக்குழியில் மீண்டும் பொருத்த முயன்றால் அது பொருந்தாது. ஏற்பியும் அத்தகைய குழி போன்றது. தன் வடிவிற்கு ஒத்த புரதப் பகுதி வந்து பொருந்தும்போதுதான் பி அணு விழித்தெழும். விழித்தெழுந்த அணு, டி அணுக்கள் சிலவற்றின் துணையோடு ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பெருகும். பின்னர் அதே வடிவுடைய எதிர்ப்பொருள்களை ஆயிரக்கணக்கில் வெளிவிடும். அவ்வெதிர்ப்பொருள்கள் வைரஸின் வெளியுறையிலும் முட்களிலும் சென்று ஒட்டிக்கொள்கின்றன. முட்கள் மறைக்கப்பட்ட வைரஸ் குடலைப் பற்ற இயலாது வெளியேறுகிறது.

அங்ஙனமாயின், முன்பின் அறியாத வைரஸ் ஒன்றிற்குப் பொருந்தும் அச்சு உடலில் முன்னரே இருப்பது எவ்வாறு? பகை வந்தபின் அதன் உருவத்தைப் பார்த்து உடல் புதிதாக அச்சுச் செய்துகொள்கிறது என்றே அறிஞர் பலர் ஒருகாலத்தில் கருதினர். உண்மை அதுவன்று என்று 1957-இல் ஆஸ்திரேலிய அறிஞர் மக்ஃபார்லேன் பர்னெட் எடுத்துரைத்தார். எண்ணற்ற வடிவுடைய அணுக்கள் முன்னரே உடலில் காத்திருக்கின்றன. பகை தனக்குப் பொருந்தியதைத் தட்டி எழுப்புகிறது. எழுந்த அணு மட்டுமே பெருகுகிறது என்பது அவர் கொள்கை. அத்துணை வடிவங்கள் உண்டாவது எப்படி என்னும் வினாவிற்கு 1976-இல் ஜப்பானிய அறிஞர் சுசுமு தொனெகாவா விடை கண்டார். பி அணு உருவாகும்போது அதன் மரபணுத் துண்டுகள் இடம் மாறிப் புதிய முறையில் இணைகின்றன. சில எழுத்துகளைக் கொண்டே கணக்கற்ற சொற்களை நாம் ஆக்குவது போன்றது இது. இக்கண்டுபிடிப்பிற்காக அவருக்கு 1987-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

பி அணுவும் எதிர்ப்பொருளும் வெளியே திரியும் வைரஸையே பெரிதும் எதிர்க்கின்றன. வைரஸ் உயிரணுவினுள் புகுந்து மறைந்துகொண்டால் அதனை அறிவது யார்? அப்பணி டி அணுக்களுக்கு உரியது. இவை அறியும் முறை வியப்பிற்குரியது. நெல் மண்டியில் வணிகர் மூட்டையைப் பிரிப்பதில்லை. குத்தூசியைச் சாக்கினுள் செலுத்தி, அதில் வரும் சில மணிகளை உள்ளங்கையில் இட்டுப் பார்த்தே உள்ளிருக்கும் நெல் எத்தகையது என்று கூறிவிடுவார். டி அணுவும் அவ்வாறே உயிரணுவினுள் நுழைவதில்லை. ஆனால் இங்கே, மணிகளை எடுத்து வெளியே காட்டும் வேலையை உயிரணு தானே செய்கிறது. தன்னுள் உண்டாகும் புரதங்களிற் சிலவற்றைத் துண்டாக்கி, எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துணுக்குகளாகத் தன் மேற்புறத்தில் ஏந்தி நிற்கிறது. அத்துணுக்கு உடலுக்கு உரியதாயின் டி அணு கடந்து செல்லும். வைரஸின் புரதத் துணுக்காயின், வைரஸ் மேலும் பெருகாதவாறு அவ்வுயிரணுவை அழித்துவிடும்.

டி அணு துணுக்கை மட்டும் பார்ப்பதில்லை. அதனை ஏந்தி நிற்கும் தட்டையும் சேர்த்தே பார்க்கிறது. இவ்வுண்மையை ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் பீட்டர் டோகர்ட்டியும் ரால்ஃப் சிங்கர்நாகலும் எலிகளைக் கொண்டு ஆராய்ந்து 1974-இல் வெளியிட்டனர். 1996-இல் அவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர். தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆதலின், ஒரே வைரஸின் வேறு வேறு துணுக்குகளை வேறு வேறு மனிதரின் உடல்கள் ஏந்திக் காட்டுகின்றன. மக்கள் அனைவரையும் ஒரே சூழ்ச்சியால் ஏமாற்றுவது வைரஸுக்கு அரிதாவதற்கு இஃதும் ஒரு காரணம்.

தன் உடலையே பகையென்று எண்ணும் டி அணு தோன்றினால் என்னாகும்? அதனைத் தடுக்கவும் உடலில் ஏற்பாடு உண்டு. மார்பெலும்பின் பின்னே, இதயத்திற்குச் சற்று மேலே தைமஸ் என்னும் சுரப்பி உள்ளது. அதனை டி அணுக்களின் பள்ளிக்கூடம் எனலாம். அங்கு இளம் டி அணுக்களுக்கு உடலின் சொந்தப் புரதத் துணுக்குகள் காட்டப்படுகின்றன. அவற்றைப் பற்றிக்கொண்டு போருக்கு எழும் அணுக்கள் பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படுகின்றன. தட்டை அடையாளம் காண இயலாதவையும் மடிகின்றன. இத்தேர்வில் தேறி வெளிவருபவை மிகச் சிலவே. பகையை அறிவதற்கு முன், தன்னவரைத் தாக்காதிருக்கக் கற்பதே அப்பள்ளியின் முதற்பாடம்.

போர் முடிந்ததும் பெருகிய அணுக்களில் பெரும்பாலானவை மறைகின்றன. சில மட்டும் நெடுங்காலம் எஞ்சி நிற்கின்றன. அவை நினைவணுக்கள். அதே வைரஸ் மீண்டும் வந்தால், முதன்முறை பல நாள் கழித்து எழுந்த படை இம்முறை விரைந்து எழும். தடுப்பு மருந்தின் அடிப்படை இதுவே. நோய் தராத அல்லது மிக மெலிந்த பகையொன்றை முன்னரே காட்டினால், உண்மைப் பகை வரும்போது உடல் ஆயத்தமாக நிற்கும்.

ரோட்டா வைரஸுக்கு அத்தகைய மெலிந்த பகை எங்கே கிடைத்தது? அது நம் நாட்டிலேயே கிடைத்தது. 1980-களில் தில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், மகாராஜ் கிஷன் பான் என்னும் குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும், பிறந்து சில நாளே ஆன குழந்தைகளின் உடலில் ரோட்டா வைரஸ் இருப்பதைக் கண்டனர். ஆயினும், அக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு இல்லை. பின்னர் அவர்கள் வளர்ந்தபோதும், ஏனைய குழந்தைகளைவிட அவர்களுக்கு ரோட்டா வயிற்றுப்போக்குக் குறைவாகவே வந்தது. அவ்வைரஸுக்கு 116இ என்று பெயரிட்டு ஆராய்ந்தபோது மற்றொரு செய்தி வெளிப்பட்டது. மனிதரைத் தாக்கும் அவ்வைரஸின் பதினொரு துண்டுகளுள், முள்ளை ஆக்கும் துண்டு மாட்டின் ரோட்டா வைரஸிலிருந்து வந்து கலந்ததாக இருந்தது. முற்காலத்தில் பெரியம்மையைத் தடுப்பதற்குப் பசுவின் அம்மைப்பால் உதவிற்று என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். இங்கும் மாட்டின் வைரஸ் ஒரு வகையில் துணையாயிற்று.

ஆனால், ஒருமுறை கண்ட பகையை உடல் என்றும் மறவாது என்று எண்ணிவிடலாகாது. இதனை நமக்கு உணர்த்தியவை வேலூர்க் குழந்தைகள். கல்வராயன் மலைக்கு வடக்கே உள்ள அந்நகரின் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும், ஏழை மக்கள் நெருங்கி வாழும் தெருக்களில் பிறந்த குழந்தைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். வீடுதோறும் சென்று, நோயுற்றபோதும் உறாதபோதும் மலத்தைச் சேகரித்து ஆராய்ந்தனர். மூன்று ஆண்டும் முழுமையாகக் கவனிக்கப்பெற்ற குழந்தைகள் 373 பேர். முடிவுகள் 2011-இல் வெளியாயின. மெக்சிகோ நாட்டில் 1996-இல் வெளியான இத்தகைய ஆய்வொன்றில், இருமுறை தொற்றுற்ற குழந்தைகளுக்குப் பின்னர்க் கடும் வயிற்றுப்போக்கே வரவில்லை. வேலூரிலோ மூன்று முறை தொற்றுற்ற பின்னும் காப்பு நூற்றுக்கு 79 அளவிலேயே நின்றது. முன்பு கண்ட அதே வகை மீண்டும் வந்தபோதும் முழுக்காப்புக் கிடைக்கவில்லை. எனினும், ஒவ்வொரு சந்திப்பிற்குப் பின்னரும் காப்பு உயர்ந்துகொண்டே சென்றது.

இம்முடிவைக் கண்டு அறிஞர்கள் சோர்வடையவில்லை. ஒருமுறை போதாதெனின் பலமுறை காட்டுவோம். வைரஸ் இளமையிலேயே தாக்குமெனின் அதனினும் இளமையில் காட்டுவோம் என்பதே அவர்தம் எண்ணம். 116இ வைரஸைக் கொண்டு ஐதராபாத் நகரின் பாரத் பயோடெக் நிறுவனம் ரோட்டாவேக் என்னும் சொட்டு மருந்தை ஆக்கியது. 2011-இல் தொடங்கி, தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளைக் கொண்டு அது சோதிக்கப்பட்டது. ஆறு, பத்து, பதினான்கு வார வயதில் மூன்று முறை அம்மருந்து கொடுக்கப்பட்டது. மருந்து பெற்ற குழந்தைகளிடையே கடும் ரோட்டா வயிற்றுப்போக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 54 அளவிற்குக் குறைந்தது. பாதிக்குச் சற்று மேல்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால், நோய் மிகுந்த நாட்டில் பாதி என்பது பல்லாயிரம் குழந்தைகளின் உயிர். 2016-இல் இந்திய அரசின் தடுப்பு மருந்துத் திட்டத்தில் ரோட்டா மருந்து சேர்க்கப்பெற்றது. 2017-இல் அது தமிழ்நாட்டிற்கும் வந்தது.

இனி, நாம் தொடங்கிய மலைக்கே திரும்புவோம். தில்லியில் கண்ட வைரஸும், வேலூரில் கற்ற பாடமும் கல்வராயன் மலைக் குழந்தைக்குப் பயன்பட வேண்டுமாயின், ஒரு சிறு பெட்டி மலையேற வேண்டும். கிராமச் சுகாதாரச் செவிலியர் தோளில் தொங்கவிட்டுச் செல்லும் குளிர்ப்பெட்டியே அது. மருந்தை 2 முதல் 8 பாகை வரையிலான குளிரில் வைத்திருத்தல் ஏன் இன்றியமையாதது? முட்டையின் வெண்கருவைச் சுடவைத்தால் அது கெட்டியாகி உருமாறுகிறது; பின்னர் எத்துணைக் குளிரில் வைத்தாலும் பழைய உருவம் திரும்புவதில்லை. வெண்கருவும் புரதமே, வைரஸின் முள்ளும் உறையும் புரதமே. சொட்டு மருந்தில் உள்ள மெலிந்த வைரஸ் குடலில் சற்றே பெருகித் தன் உருவத்தைக் காட்டினால்தான் அணுக்கள் அதனை அறியும். வெப்பத்தால் சிதைந்து உயிர்ப்பை இழந்த வைரஸ் அணுக்களுக்கு எதனையும் கற்பிப்பதில்லை. ஆதலின், வெயிலில் மலையேறும் செவிலியர், பெட்டியிலுள்ள குளிரைக் காக்கும்போது ஒரு வடிவத்தைக் காக்கிறார். அவ்வடிவமே குழந்தையின் பாடநூல்.

தடுப்பு மருந்து ஒன்றே போதும் என்றும் எண்ணலாகாது. தாய்ப்பால், தூய நீர், சோப்பினால் கழுவிய கைகள் ஆகியவை பிற வயிற்றுநோய்களையும் தடுக்கும். வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவரை நாட வேண்டும். 2019-இல் தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. ஆயினும், மலையிலிருந்து அங்கு வருவதற்குள் குழந்தையின் உயிரைக் காத்து நிற்பது தாயின் கையிலுள்ள அக்கரைசலே.

மாணவர்களே! ஆறு வாரக் குழந்தையின் நாவில் சில சொட்டுகள் விழுகின்றன. குழந்தை முகம் சுளிக்கிறது, தாய் அணைத்துக்கொள்கிறாள், செவிலியர் அட்டையில் குறித்துவிட்டு அடுத்த வீட்டிற்கு நடக்கிறார். பார்ப்போர் கண்ணுக்கு அவ்வளவே தெரியும். ஆனால், அக்குழந்தையின் குடலோரத்தில், தனக்கு உரிய வடிவத்தை எதிர்நோக்கிக் காத்திருந்த ஓர் அணு அன்று விழித்தெழுகிறது. நான்கு வாரம் கழித்து அதே வடிவத்தை மீண்டும் காண்கிறது. மேலும் நான்கு வாரம் கழித்து மூன்றாம் முறையும் காண்கிறது. நீங்கள் ஒரு பாடத்தை முதன்முறை படித்து, மறந்து, மீண்டும் படித்து மனத்தில் இருத்துவதும் இவ்வாறுதானே? எட்டாந் திங்களில் உண்மைப் பகை வரும்போது, அவ்வணு அதனை அடையாளம் கண்டு படை திரட்டும். தாய் தன் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இருளில் மலையிறங்க வேண்டிய இரவு ஒன்று குறையும்.